சாபத்தால் கிழவியான சோஃபியும் வரத்தால் கிழவியான ஔவையும்: ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ நாவல் குறித்து

அல்சூர்க்காரி (இழையைத் தொடங்கியவர்)

பெங்களூருத் தமிழ் வாசகர்களுக்கு வணக்கம். டயானா வின் ஜோன்ஸ் எழுதி 1986இல் வெளிவந்த ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ என்னும் ஆங்கில நாவலைச் சென்ற வாரம் படித்து முடித்தேன். பதின்வயதினருக்கான மாயக்கதை, கொஞ்சம் காதல், நிறையச் சிரிப்பு என்று சொல்லித்தான் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றும் உண்மைதான் என்றாலும், படித்து முடித்தபின் மனத்தில் தங்கியது வேறொன்று. அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். முடிவு வரை சொல்லப்போகிறேன் என்பதால், இனிமேல் படிக்க எண்ணுவோர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மாயப் போர்வையும், ஓரடியில் பல காதம் கடக்கும் காலணியும் உண்மையிலேயே புழங்கும் இங்கரி என்ற நாட்டில் கதை நடக்கிறது. அந்த நாட்டில் மூன்று மக்களில் மூத்தவராகப் பிறப்பது பெரும் துரதிர்ஷ்டம். மூவரும் பிழைப்புத் தேடிப் புறப்பட்டால் முதலில் தோற்பதும் மோசமாகத் தோற்பதும் மூத்தவர்தான் என்பது ஊரறிந்த விதி. தொப்பிக்கடைக்காரரின் மூத்த மகள் சோஃபி இந்த விதியை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டவள். தந்தை இறந்ததும் தங்கைகள் இருவரும் வெளியூரிலும் வேறு கடையிலும் தொழில் பழகப் போய்விட, இவள் மட்டும் கடையின் பின்னறையில் அமர்ந்து தொப்பிகளுக்கு அலங்காரம் தைக்கிறாள். பேச்சுத் துணைக்கு ஆளில்லாததால் அந்தத் தொப்பிகளோடே பேசுகிறாள். மே தினத் திருவிழாவன்று தெருவில் நீலமும் வெள்ளியுமாக உடுத்திய ஓர் அழகன் இரண்டு வார்த்தை பேசியதற்கே நடுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பயந்த பெண். பாழ்நிலத்துச் சூனியக்காரி கடைக்கு வந்து இவளைத் தொண்ணூறு வயது மூதாட்டியாக மாற்றிவிடுகிறாள். அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாதபடியும் சாபம் கட்டிவிடுகிறது.

இந்த இடத்தில் வேறொரு நாவலாசிரியர் என்றால் கண்ணாடிமுன் அவளை அழவைத்திருப்பார். சோஃபியோ தன் சுருக்கங்களைப் பார்த்து, உள்ளே இருந்ததுதான் இப்போது வெளியே தெரிகிறது என்கிற மாதிரி அமைதியாகி, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுகிறாள். முட்டி வலிக்க வலிக்க மலையேறி, இளம்பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று ஊர் அஞ்சும் மந்திரவாதி ஹவுலின் நகரும் கோட்டைக்குள் புகுந்து, அடுப்புக்குள் எரியும் கால்சிஃபர் என்ற நெருப்புப் பூதத்தோடு பேரம் பேசி, மறுநாள் காலையில் தன்னைத் துப்புரவுப் பணிப்பெண்ணாகத் தானே நியமித்துக்கொள்கிறாள். திருவிழாவில் பார்த்து நடுங்கிய அந்த அழகன்தான் ஹவுல். இப்போது அவனைப் பார்த்து அவள் ஏசுகிற ஏச்சைப் படிக்கையில் நான் பலமுறை வாய்விட்டுச் சிரித்தேன்.

எனக்கு ஔவை நினைவுக்கு வந்தாள். திருமணம் பேசத் தொடங்கியதும் விநாயகரை வேண்டி இளமையைத் துறந்து மூதாட்டியான ஔவை. அந்த நரைக்குப் பின்புதான் அவளால் ஊர் ஊராக நடக்கவும், அரசனை நேருக்கு நேர் இடித்துரைக்கவும் முடிந்தது. சோஃபிக்குக் கிடைத்தது சாபம் என்று கதை சொல்கிறது. ஆனால் ஔவைக்கு வரம் எதைக் கொடுத்ததோ அதையேதான் சோஃபிக்குச் சாபம் கொடுக்கிறது. இந்த நாவலின் காதல் இனிப்பது கூட, அழகும் இளமையும் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டபின் இருவரும் ஒருவரை ஒருவர் சகித்துப் பழகுவதால்தான் என்று தோன்றுகிறது. மற்றவர்கள் எப்படிப் படித்தீர்கள் என்று அறிய ஆவல்.

---

மல்லேசுவரத்து வாசகன்

வணக்கம் அம்மா. நாவலை நானும் படித்திருக்கிறேன், ரசித்தும் இருக்கிறேன். ஆனால் ஔவையோடு ஒப்பிடுவதை ஏற்க முடியவில்லை. ஔவை கேட்டுப் பெற்றாள். சோஃபி கேட்கவில்லை, முன்பின் அறியாத ஒருத்தி கடைக்குள் வந்து, ஆள் மாறாட்டத்தில், அவளுடைய அறுபது எழுபது ஆண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள். பிடுங்கப்பட்டதையும் துறந்ததையும் ஒரே தட்டில் வைத்தால், பாதிக்கப்பட்டவரிடம் போய் ‘உனக்கு இதனால் நன்மைதானே’ என்று சொல்வதில் முடியும். நடை சிரிப்பாக இருப்பதால் அந்தக் கொடுமை நம் கண்ணில் படாமல் போகிறது.

இரண்டாவது, காதல். ஹவுல் முதலில் சோஃபியின் தங்கை லெட்டியைத் துரத்துகிறான். பிறகு மிஸ் ஆங்கோரியன் என்ற ஆசிரியையைத் துரத்துகிறான். நேரம் கிடைக்கும்போதெல்லாம் குளியலறையில் மணிக்கணக்கில் நறுமணத் தைலம் பூசிக்கொள்கிறான். நம் ஊர்ப்பக்கம் இப்படிப்பட்டவனை மைனர் என்று சொல்லி, பெண் இருக்கும் வீட்டுத் திண்ணையில் கூட உட்காரவிட மாட்டார்கள். சோஃபிக்கும் அவனுக்கும் காதல் மலர்ந்தது என்று கடைசி அத்தியாயம் சொல்வதால் நம்புகிறோமே தவிர, அது மலர்ந்த இடம் எது என்று யாராவது பக்கத்தைக் காட்ட முடியுமா?

---

மூத்தமகள்

மூத்தவர் விதியைப் பற்றி யாரும் பேசாமல் கடந்து போவதால் எழுதுகிறேன். ‘மூத்தது மோழை, இளையது காளை’ என்று பழமொழி வைத்திருக்கும் நமக்கு இங்கரி நாடு அந்நியமே இல்லை. பாட்டி சொன்ன கதைகளில் ராஜாவுக்கு ஏழு பிள்ளைகள் இருந்தால் ஆறு பேர் கல்லாகிப் போவார்கள், கடைக்குட்டி மட்டும் மீட்டு வருவான். அது போகட்டும், அக்காள் தங்கை என்று தெய்வங்களை வைத்தபோதும் சீதேவியைத் தங்கையாக்கி, மூதேவியை அக்காளாக்கி வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாம். வீட்டுக்கு மூத்த பெண்ணாகப் பிறந்தவர்கள், சோஃபி அந்தப் பின்னறையில் தைத்துக்கொண்டிருக்கும் முதல் இரண்டு அத்தியாயங்களை மெல்லப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

டயானா வின் ஜோன்ஸ் தாமே மூன்று சகோதரிகளில் மூத்தவர். பெற்றோர் எஸெக்ஸ் பகுதியில் ஒரு மாநாட்டு இல்லத்தை நடத்துவதில் மூழ்கிக் கிடக்க, தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெருமளவு அவர்மேல் விழுந்தது. அவர் 2011இல் காலமானபோது முடிக்காமல் விட்டுப்போன ஒரு நாவலை அவருடைய தங்கை ஊர்சுலா ஜோன்ஸ்தான் எழுதி முடித்தார். அது 2014இல் வெளிவந்தது. இவற்றையெல்லாம் அறிந்தபின் படித்தால், மூத்தவள் தோற்பாள் என்ற விதியை இவர் கேலி செய்வதில் எவ்வளவு கணக்குத் தீர்த்தல் இருக்கிறது என்று புரியும்.

கதையில் அந்த விதியை உடைப்பது யார் என்று பாருங்கள். தங்கைகள் லெட்டியும் மார்த்தாவும் தாய் ஏற்பாடு செய்த இடங்களைத் தங்களுக்குள் இரகசியமாக மாற்றிக்கொள்கிறார்கள். மந்திரம் கற்க ஆசைப்பட்ட லெட்டி மந்திரக்காரியிடம் போய்விடுகிறாள். கல்யாணமும் பத்துக் குழந்தைகளும் வேண்டும் என்று ஆசைப்பட்ட மார்த்தா பலகாரக்கடைக்கு வந்துவிடுகிறாள். பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம் என்று சின்னவர்களுக்குத் தோன்றுகிறது. மூத்தவளுக்கு மட்டும் தோன்றவில்லை. அவளை அந்த அறையிலிருந்து கிளப்ப ஒரு சூனியக்காரி தேவைப்பட்டது.

---

புறநானூற்றுப் பித்தன்

ஔவை பேச்சு வந்துவிட்டதால் நானும் நுழைகிறேன். நம் மனத்தில் நிற்கும் கோலூன்றிய ஔவை, பிற்காலக் கதைகளும் 1953இல் வந்த ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற தோற்றமும் சேர்ந்து உருவாக்கியவள். சங்கப் பாடல்களைப் பாடிய ஔவை வேறொருவர் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. புறநானூற்று 89ஆம் பாட்டில் பகைவேந்தன் அவரை மை தீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலி என்றுதான் விளிக்கிறான். அதாவது, அதியமானுக்காகப் பகைவனிடம் வாயாடிய ஔவைக்கு நரை தேவைப்படவில்லை. பின்னால் வந்த சமூகம்தான், இவ்வளவு துணிவாகப் பேசும் பெண் கிழவியாகத்தான் இருக்க முடியும் என்று முடிவு செய்து, அவளுக்கு ஒரு கோலைக் கொடுத்துவிட்டதோ என்று எனக்கு நெடுநாளாக ஐயம் உண்டு. அப்படியென்றால் சோஃபியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது: அந்தத் துணிவு கிழவிக்கு வந்ததா, இளம்பெண்ணுக்குள் முன்பே இருந்ததா?

நாவலே இதற்கு விடை வைத்திருக்கிறது. சோஃபிக்கு மந்திரம் உண்டு, அவளுக்கே அது தெரியாது. அவள் பேசினால் பொருள்களுக்கு உயிர் வருகிறது. கடையில் உட்கார்ந்து ‘உனக்குப் பெரிய இடத்து மாப்பிள்ளை கிடைப்பான்’ என்கிற பாணியில் தொப்பியிடம் அவள் உளறியது, அந்தத் தொப்பியை வாங்கிய பெண்ணுக்குப் பலித்துவிடுகிறது. பல அத்தியாயங்கள் கழித்து, ஹவுலின் முன்னாள் ஆசிரியை திருமதி பென்ட்ஸ்டெம்மன் சொல்லும்போதுதான் இது அவளுக்கே உறைக்கிறது. ஆக, சொல்லால் காரியம் நடத்தும் ஆற்றல் சுருக்கம் விழுவதற்கு முன்பே அவளிடம் இருந்தது. அதைத் தொப்பிகளிடம் மட்டும் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

தூது பற்றியும் ஒரு வார்த்தை. 95ஆம் பாட்டில் ஔவை தொண்டைமானிடம் தூது போகிறார். அவனுடைய படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் மனையில் பளபளவென்று இருக்கின்றன என்று புகழ்கிறார். அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போல் இகழ்ந்து, இகழ்வது போல் புகழும் வித்தை அது. இந்த நாவலில் ஹவுல், அரசன் தனக்குத் தரவிருக்கும் ஆபத்தான வேலையிலிருந்து தப்பிக்க, சோஃபியைத் தன் தாய் என்று சொல்லி அரண்மனைக்கு அனுப்பித் தன்னைப் பற்றி அவதூறு பேசச் சொல்கிறான். அவளும் பேசுகிறாள்: கவனமில்லாதவன், தன்னலக்காரன், யார் எக்கேடு கெட்டாலும் கவலைப்படாதவன் என்று அடுக்குகிறாள். அடுக்கிக்கொண்டே போகையில், ஏழைகளிடம் அவன் குறைத்தே கூலி வாங்குகிறான் என்பதும் வாயில் வந்துவிடுகிறது. பழிக்கப் போனவள் தன்னையறியாமல் சான்றிதழ் கொடுத்துவிட்டு வருகிறாள். மல்லேசுவரத்து ஐயா காதல் மலர்ந்த பக்கம் எது என்று கேட்டார். எனக்கு அந்த அரசவைக் காட்சிதான்.

---

அல்சூர்க்காரி

பித்தன் ஐயா, 89ஆம் பாட்டை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை, மிக்க நன்றி.

பிடுங்கப்பட்டதா, துறந்ததா என்ற வாசகன் அவர்களின் கேள்விக்கு நாவலிலேயே ஒரு பதில் இருக்கிறது. சோஃபி சாபத்தில் இருக்கிறாள் என்பது ஹவுலுக்கு வெகுநாளாகத் தெரியும். அவள் பார்க்காதபோது அதை நீக்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை என்றும், கடைசியில் அவளுக்கே அந்த வேடம் பிடித்திருக்கிறது போலும் என்று முடிவு செய்துவிட்டதாகவும் அவன் பிற்பகுதியில் அவளிடம் சொல்கிறான். அவளுக்கு வரும் கோபத்தைப் பாருங்கள். உண்மையைச் சுட்டிக்காட்டினால் மட்டுமே வரக்கூடிய கோபம் அது. சாபத்தைப் போட்டவள் சூனியக்காரிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் நாளடைவில் அந்தச் சாபத்தைப் பிடித்து வைத்திருந்தது சோஃபியின் சொந்த மந்திரம். கிழவியாக இருந்தால் தோற்றுப்போகத் தேவையில்லை, ஆசைப்படத் தேவையில்லை, யாரும் மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சத் தேவையில்லை. ஔவை விநாயகரிடம் கேட்டதைச் சோஃபி யாரிடமும் கேட்காமல் தனக்குத் தானே கொடுத்துக்கொள்கிறாள்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஔவையின் கதை அந்த நரையிலேயே நிலைத்துவிடுகிறது. திரும்பும் வழி அவளுக்கு வேண்டியும் இல்லை. சோஃபியின் கதை, துணிவை வைத்துக்கொண்டு நரையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறது.

---

எலக்ட்ரானிக் சிட்டி இரவுப்பணி

இலக்கியம் அதிகம் தெரியாது. நாவலை இரண்டு இரவுகளில் படித்தேன். எனக்குப் பிடித்தது அந்தக் கதவு. கோட்டைக்கு ஒரே கதவு, அதன் மேல் நான்கு நிறங்கள் பூசிய ஒரு குமிழ். ஒரு நிறத்தைக் கீழே திருப்பித் திறந்தால் துறைமுக ஊர், இன்னொன்றுக்குத் தலைநகரம், மற்றொன்றுக்கு மலைவெளி. ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு ஹவுல் எல்லா இடத்திலும் தொழில் செய்கிறான். கறுப்பு நிறத்துக்கு என்ன என்று வெகுநேரம் சொல்லாமல் வைத்திருந்து, திறந்து காட்டும்போது அது நம்முடைய உலகத்தின் வேல்ஸ் என்று தெரிகிறது. மந்திரவாதி ஹவுலின் உண்மைப் பெயர் ஹவெல் ஜென்கின்ஸ், பல்கலைக்கழகத்தில் படித்தவன், ரக்பி சட்டை போட்டுக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போகிறான். அங்கே காரும் தொலைக்காட்சியும் கணினி விளையாட்டும் சோஃபியின் கண்ணுக்குக் கொடிய மந்திரமாகத் தெரிகின்றன. பேருந்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

அந்த அக்காள் மேகன் பேசும் பேச்சு இருக்கிறதே, இவ்வளவு படிக்கவைத்தும் உருப்படியாக ஒரு வேலை இல்லை, எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று எதுவும் சொல்வதில்லை என்று. வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், பணியில் ஆங்கிலம், அறைத்தோழனிடம் இந்தி என்று நாளைக்கு நான்கு முறை குமிழைத் திருப்பி, தீபாவளிக்குக் கிருஷ்ணகிரி வழியே ஊர் போனதும் அதே கேள்விகளுக்குப் பதில் தேடும் என்னைப் போன்றவர்களுக்கு ஹவுல் மைனராகத் தெரியமாட்டான். கோட்டையைக் கட்டி ஊரை மிரட்டுபவன், தமக்கை முன்னால் தலைகுனிந்து நிற்கிறான். அவ்வளவு அவமானத்திலும் அவன் அங்கே மீண்டும் மீண்டும் போவது அக்காள் மகள் மாரிக்காக என்பது போகிற போக்கில் தெரிகிறது. ஆசிரியர் இதையெல்லாம் அழுத்திச் சொல்வதே இல்லை.

மூன்றாம் உலகப்போர் போல ஒரு பச்சைச் சளிக் காட்சி வருகிறதே, அதை யாரும் குறிப்பிடாதது வருத்தம். சோஃபி குளியலறையைத் துடைக்கும்போது குப்பிகளை இடம் மாற்றி வைத்துவிட, ஹவுலின் தலைமுடிச் சாயத்தில் லேசாக, மிக லேசாக, இளஞ்சிவப்பு கலந்துவிடுகிறது. உலகமே முடிந்ததாக அழுது, உடம்பெல்லாம் பச்சைக் கூழ் வழிய அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறான். ஒரு கதாநாயகனை இவ்வளவு கேவலப்படுத்திய காதல் நாவலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

---

பழைய அம்புலிமாமா

சிரிப்பைப் பற்றி எல்லாரும் பேசியாயிற்று. நான் கதைப்பின்னலைப் பற்றிச் சொல்கிறேன், அதில் புகழ்ச்சியும் உண்டு, குறையும் உண்டு.

ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள், ஒரு கூண்டுக்குள், ஒரு கிளிக்குள் அரக்கனின் உயிர் இருக்கும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஹவுலின் இதயம் அடுப்பிலேயே இருக்கிறது. கால்சிஃபர் விண்ணிலிருந்து வீழ்ந்த ஒரு விண்மீன். அது சாகாமல் இருக்க ஹவுல் தன் இதயத்தைக் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டான். அதாவது ஊர் சொல்கிறபடி அவன் பெண்களின் இதயத்தைத் தின்பவன் அல்லன். அவனுக்கு இதயமே இல்லை. ஒருத்தி தன்னைக் காதலிக்கத் தொடங்கியதும் அவன் ஓடிவிடுவதற்கும் அதுவே காரணம். நம் கதைகளில் இளவரசன் கிளியின் கழுத்தைத் திருகுவான், அரக்கன் சாவான். இங்கே சோஃபி ஒப்பந்தத்தை உடைத்து இதயத்தை உரியவனிடம் சேர்க்கிறாள். இன்னும் ஆயிரம் ஆண்டு வாழ் என்று சொல்லி நெருப்பையும் பிழைக்கவைக்கிறாள். தொப்பியிடம் பேசிய அதே வாய். முதல் அத்தியாயத்தில் வேடிக்கையாகச் சொன்னது கடைசியில் இரண்டு உயிரைக் காப்பாற்றுகிறது என்பதில் ஆசிரியரின் கைத்திறன் தெரிகிறது.

ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் கவிதையை வைத்து ஆடும் ஆட்டமும் அப்படித்தான். வீழும் விண்மீனைப் பிடி என்று தொடங்கி நடவாத காரியங்களை அடுக்கும் பழைய பாட்டு அது, 1633இல் அச்சானது; ஹவுலின் மருமகனுக்குப் பள்ளியில் தந்த வீட்டுப்பாடம். அது இங்கரிக்குள் வந்தவுடன் ஹவுலுக்குச் சாபமாகிவிடுகிறது. அந்த நடவாத காரியங்கள் ஒவ்வொன்றாக நடந்துவிடுவதை நாம் சிரித்துக்கொண்டே கவனியாமல் விட்டுவிடுகிறோம். ஹவுல் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

குறை, கடைசி மூன்று அத்தியாயங்கள். காணாமல் போன இளவரசன் ஜஸ்டின், காணாமல் போன மந்திரவாதி சுலைமான், சோளக்கொல்லைப் பொம்மை, நாயாக மாற்றப்பட்ட ஆள், மண்டையோடு, கிட்டார் என்று நூல் நூலாகத் தொங்கவிட்டதையெல்லாம் ஒரே அறைக்குள் திரட்டி, சில பக்கங்களில் முடிச்சுப் போடுகிறார். யாருடைய உடம்பு யாருடைய தலையோடு சேர்ந்தது என்று நான் திரும்பப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. மிஸ் ஆங்கோரியன்தான் சூனியக்காரியின் நெருப்புப் பூதம் என்பது வெளிப்படும் இடம் கூட இந்த நெரிசலில் வலுவிழந்துபோகிறது.

ஹயாவோ மியாசாகி 2004இல் எடுத்த அனிமேஷன் படம் இந்தச் சிக்கலை வெட்டி எறிந்தது. ஆனால் கூடவே வேல்ஸையும் ஒரு தங்கையையும் வெட்டிவிட்டு, நாவலில் இல்லாத பெரும் போர் ஒன்றை நடுவில் வைத்தது. படத்தில் சோஃபியின் வயது மனநிலைக்கு ஏற்பக் காட்சிக்குக் காட்சி ஏறி இறங்குகிறது. அவளே அந்தச் சாபத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று அல்சூர் அம்மா சொன்னதை மியாசாகியும் அப்படியே படித்திருக்கிறார் என்பதற்கு அது சான்று.

---

மல்லேசுவரத்து வாசகன்

சாபத்தை அவளே வைத்திருந்தாள் என்ற வாசிப்புக்கு நாவலில் ஆதாரம் இருக்கிறது, ஏற்கிறேன். அரசவைக் காட்சியையும் ஏற்கிறேன். ஆனால் அது சோஃபியின் பக்கத்தை மட்டும் காட்டுகிறது. ஹவுலின் பக்கம்? சாபத்தின் பாட்டு பத்தாயிரம் நாள் என்று அவன் வயதைக் கணக்கிடுகிறது, அதாவது இருபத்தேழு. உலகம் சுற்றியவன், பெண்களை ஏமாற்றுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவன். அவள் தொப்பிக்கடையைத் தாண்டாத இளம்பெண். இதயம் இல்லாததால் அப்படி நடந்தான் என்பது மாயக்கதைக்கு நல்ல விளக்கம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை இதைப் படித்துவிட்டு, தன்னை அலைக்கழிக்கும் ஒருவனுக்கும் எங்கோ ஓர் அடுப்பில் இதயம் எரிந்துகொண்டிருக்கும் என்று நம்பினால் என்ன செய்வது? இளையோருக்கான காதல் கதைகளில் இந்தச் சரக்கு ஏராளமாக விற்கிறது. திருத்தப்பட வேண்டிய ஆண், திருத்துவதற்கென்றே பிறந்த பெண்.

---

மூத்தமகள்

ஐயா, உங்கள் கவலை மற்றப் பல நாவல்களுக்குப் பொருந்தும். இதற்குப் பொருந்தாது என்று நான் சொல்வதற்குக் காரணம், சோஃபி ஹவுலைத் திருத்தவே இல்லை. வீட்டைத்தான் பெருக்குகிறாள். அவனும் அவளைத் திருத்தவில்லை. கடைசிப் பக்கத்திலும் அவன் சோம்பேறிதான், தற்பெருமைக்காரன்தான். அவள் அவசரக்காரிதான், வாயாடிதான். இனி சேர்ந்து வாழலாம் என்று அவன் சொல்லும்போது, அது கதைகளில் வருவது போல அமைதியான வாழ்வாக இராது, தினமும் ரகளையாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிந்தே சம்மதிக்கிறாள். அவன் கோழைத்தனத்தைக்கூட அவனே விளக்கிவிடுகிறான்: இவ்வளவு பயங்கரமான காரியத்தை நான் செய்யப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால்தான் என்னால் அதைச் செய்ய முடிகிறது என்று. சூனியக்காரியை எதிர்க்க மாட்டேன் என்று புலம்பிக்கொண்டே அவன் எல்லா ஏற்பாட்டையும் செய்து வந்திருக்கிறான்.

ஹவுலின் பக்கம் காதல் மலர்ந்த இடம் கேட்டீர்கள். முதல் பகுதியிலேயே மைக்கேல், ஹவுலின் அந்தச் சீடப் பையன், சோஃபியிடம் ஒன்று சொல்லி வைக்கிறான்: ஹவுல் குளியலறையில் அலங்கரித்துக்கொள்ள மறக்கிற நாளில்தான் அவன் உண்மையாகக் காதலிக்கிறான் என்று நம்புவேன். பிறகு அதை நாம் மறந்துவிடுகிறோம். கடைசியில், சூனியக்காரியின் கோட்டையில் அகப்பட்ட சோஃபியை மீட்க ஹவுல் வருகிறபோது, முகம் மழிக்கவில்லை, தலை வாரவில்லை, கண்கள் சிவந்திருக்கின்றன, சட்டைக் கை கிழிந்திருக்கிறது. ஆசிரியர் ‘அவன் அவளைக் காதலித்தான்’ என்று எழுதவில்லை. அவன் தோற்றத்தை மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். மைக்கேல் சொன்னது நினைவிருந்தால் அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும்.

---

மல்லேசுவரத்து வாசகன்

மழிக்காத முகம் என் கண்ணில் பட்டது. மைக்கேல் சொன்னதோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு மீண்டும் போகிறேன். வயது வேறுபாட்டைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

---

புதிதாய் வந்தவள்

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இந்த நாவலை வாங்கலாமா? படத்தை முதலில் காட்டுவதா, புத்தகத்தைக் கொடுப்பதா? தொடர்ச்சி நாவல்கள் உண்டு என்றும் கேள்விப்பட்டேன்.

---

அல்சூர்க்காரி

தாராளமாக வாங்கலாம், சகோதரி. பெற்றோர் முகம் சுளிக்கும்படியான காட்சி எதுவும் இல்லை. சோஃபிக்கும் ஹவுலுக்கும் இடையே ஒரு முத்தம் கூட இல்லை. ஆங்கிலம் எளிமையானதுதான், ஆனால் எதையும் ஆசிரியர் இரண்டு முறை சொல்ல மாட்டார் என்பதால் வேகமாகப் படிக்கும் பழக்கமுள்ள குழந்தைகள் பாதியில் தடுமாறலாம். முதல் நான்கு அத்தியாயங்களை இருவரும் சேர்ந்து உரக்கப் படியுங்கள். கால்சிஃபர் பேசத் தொடங்கியபின் அவளே எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

புத்தகம் முதலில், படம் பிறகு. படத்தை முன்னால் பார்த்துவிட்டால் ஹவுல் சோகமும் கம்பீரமும் கலந்த வீரனாக மனத்தில் பதிந்துவிடுவான். அதன்பின் பச்சைக் கூழ் வழியும் ஹவுலை ஏற்றுக்கொள்வது கடினம். தொடர்ச்சி என்று 1990இல் ‘காசில் இன் தி ஏர்’, 2008இல் ‘ஹவுஸ் ஆஃப் மெனி வேஸ்’ என இரண்டு வந்தன. இரண்டிலும் வேறு நாயகர்கள். சோஃபியும் ஹவுலும் நடுவிலோ மாறுவேடத்திலோ வந்து போவார்கள். அவர்கள் எந்த வேடத்தில் இருக்கிறார்கள் என்பதை மகளிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

---

பழைய அம்புலிமாமா

நூலின் முன்பக்கத்தில் ஆசிரியர் எழுதியிருக்கும் சிறு குறிப்பையும் விட்டுவிட வேண்டாம். ‘நகரும் கோட்டை’ என்ற பெயரில் ஒரு புத்தகம் எழுதுங்கள் என்று ஒரு பள்ளியில் ஒரு சிறுவன் கேட்டானாம். அவன் பெயரை எழுதி மிகப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்ததால், அதை அதன்பின் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் சிரிப்பு அங்கேயே கிடைத்துவிடும்.